தயங்காத குரல்

அன்புள்ள அப்பாவுக்கு,

சிரம்பானில் எனக்கு என்ன வேலை என்று கேட்பீர்களே. பேச்சுப் பதிவுகளைக் கேட்டு, ஆட்கள் தயங்கும் இடங்களில் குறி போடுகிறேன். அதை வைத்துக் கம்ப்யூட்டர் தயக்கத்தைக் கண்டுபிடிக்கப் பழகுகிறது.

தயங்காமல் யாரும் பேசுவதில்லை. தேத்தண்ணி கேட்கவே நீங்கள் மூன்று தடவை இழுப்பீர்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போய்வந்து நீங்கள் அனுப்பிய குரல் பதிவை ஒன்பது தடவை கேட்டேன். “டாக்டர் பார்த்துட்டாரு. பயப்பட ஒன்னும் இல்லலா. லீவு போட்டுத் தோட்டத்துக்கு வராதேம்மா.” ஓரிடத்திலும் குறி போட முடியவில்லை.

இப்படிப்பட்டதை, எழுதிவைத்து வாசித்தது என்று வேலையில் நாங்கள் தள்ளிவிடுவோம்.

போனில் கேட்டால் என் குரல் உடையும், அதனால்தான் எழுதுகிறேன். அடுத்த சனிக்கிழமை ரயிலில் கெமாஸில் இறங்கி, தோட்டத்து வீட்டுக்கு வருகிறேன். அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, இழுத்து இழுத்தே சொல்லுங்கள்.

உங்கள் மகள்