ஊதிக் காட்டிய அண்ணனுக்கு

அண்ணே,

இன்று காரைக்காலில் மாங்கனித் திருவிழா. பிச்சாண்டவராக வரும் சிவனின் சப்பரம் கடந்து போனதும் மாடிகளிலிருந்து பழங்களை வீச ஆரம்பித்தார்கள். ஒன்று நேராக என் முகத்துக்கு வந்தது. என் இடது கை தானாக எழுந்து அதைப் பிடித்துவிட்டது. வலது கை தாடைக்குப் பக்கத்தில் மடங்கி நின்றது. அருகிலிருந்த பெண், "என்னக்கா, குத்துச்சண்டைக்கு நிக்கிற மாதிரி நிக்கிறீங்க?" என்று சிரித்தாள். அவளுக்கு உன்னைத் தெரியாது. வெயிலில் சூடேறிய பழத்தின் வாசனை மூக்கில் ஏறியது. அதற்கு மேல் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. கூட்டத்தைப் பிளந்துகொண்டு வெளியே வந்தேன்.

சின்ன வயதில் நம் ஊர் நெரவியிலிருந்து நாம் நடந்தே வருவோம். பள்ளிக்கூடம் போகும்போதே உனக்கு வளர்ந்த ஆளின் உயரம். கூட்டத்துக்கு மேலே உன் தலை மட்டும் தனியாகத் தெரியும். மற்றவர்கள் பழம் விழும் இடத்துக்கு ஓடுவார்கள், நீ ஓடமாட்டாய். வீசுகிறவரின் தோளையே பார்த்துக்கொண்டு நிற்பாய். பழம் உன்னைத் தேடி வரும். பிடித்ததையெல்லாம் பிள்ளை வரம் வேண்டி முந்தானை ஏந்தி நிற்கும் பெண்களிடம் கொடுத்துவிட்டு, யார் காலிலோ மிதிபட்ட ஒன்றை எனக்குக் கொண்டுவருவாய். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால், "நசுங்குனதுதான் பாப்பா இனிக்கும்" என்பாய். சுத்தப் பொய். பாதி நேரம் புளிக்கும்.

ராணுவத்தில் சேர்ந்த பிறகுதான் உன் கை நீளத்தைச் சரியான கண்ணால் பார்க்க ஆள் கிடைத்தது. சாப்பாட்டுக்காகச் சேர்ந்தவன் நீ. அதை நீயே சொல்வாய். அவர்கள் உன் கையில் பட்டையைச் சுற்றி, கையுறை மாட்டி, மேடையில் ஏற்றிவிட்டார்கள். முதல் சண்டை முடிந்து போன் செய்தபோது உன் குரலில் இருந்த சிரிப்பு இன்னும் எனக்குக் கேட்கிறது. "நம்ம மாங்கா புடிக்கிறதுதான் பாப்பா. என்ன, இங்க எறியறவன் நிறுத்தவே மாட்டான். வர்றதப் பாக்கணும், கண்ண மட்டும் மூடக்கூடாது."

அடுத்தடுத்து ஜெயித்தாய். ஹெவிவெயிட்டில் தேசிய சாம்பியன் என்று செய்தி வந்தபோது, அப்படியென்றால் என்ன என்று அம்மா கேட்டாள். இருக்கிறதிலேயே பெரிய ஆட்கள் மோதிக்கொள்வது என்றேன். "அப்ப அடியும் பெருசாத்தான விழும்?" என்றாள். ஊரே துள்ளிக்கொண்டிருந்த நாளில் அதைக் கேட்டவள் அவள் ஒருத்திதான்.

மேடைக்கு நீ போட்டுப்போகும் அங்கியை நான்தான் தைத்தேன். சிவப்பு சாட்டின் துணி, முதுகில் மஞ்சள் நூலில் 'காரைக்கால்'. சாட்டின் ஊசிக்குக் கீழே நிற்காமல் வழுக்கி வழுக்கி என் உயிரை வாங்கியது. அதைப் போட்டுக்கொண்டு நீ திறந்த ஜீப்பில் வந்தாய். பட்டாசு, மேளம், கழுத்து தாங்காத மாலை. அந்த வருஷத் திருவிழாவில் ஒரு பெரிய வியாபாரி உன்னைத் தன் வீட்டு மாடிக்கே அழைத்துப்போய்ப் பழம் வீசச் சொன்னார். கீழே நின்று பிடித்தவன் மேலே நின்று வீசினாய். யாருக்கும் பட்டுவிடக் கூடாதே என்று பூ எறிவது போல எறிந்தாய். எல்லோரும் கைதட்டினார்கள். அன்றைக்கு இந்த ஊரில் எல்லோருக்கும் நீ சொந்தக்காரன்.

உன் ஆட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. மூன்று அடி வாங்கிக்கொண்டு ஒன்று கொடுப்பாய். கொடுத்தால் எதிராளி எழுந்திருக்கமாட்டான். ஒதுங்கி ஆடினால் என்ன என்று நான் கேட்டதற்கு, "ஒதுங்குனா எவன் பாப்பா விசில் அடிப்பான்?" என்றாய். விசில் அடித்தார்கள், அண்ணே. அந்த விசிலுக்குத்தான் உன் தலையைக் கொடுத்தாய்.

பிறகு தோல்விகள் வந்தன. தோற்ற வலிக்குக் குடித்தாய், பிறகு வலி இல்லாத நாளிலும் குடித்தாய். முகாமில் ஓர் அதிகாரியை அடித்து வேலையை இழந்தாய். பெரிய நகரங்களில் ஹோட்டல் விருந்துகளுக்கு நடுவே காசுக்கு மோதினாய் என்று கேள்விப்பட்டோம். அம்மையார் சன்னிதியில் கற்பூரத்தை அடித்து இனி தொடமாட்டேன் என்று சத்தியம் செய்தாய். மீறினாய். மறுபடி செய்தாய், மறுபடி மீறினாய். உன்னைப் புனிதனாக்கி எழுத எனக்கு மனம் வரவில்லை. அண்ணியின் கன்னத்தில் உன் கை பதிந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தன் அப்பா வீட்டுக்குப் போனது சரி என்றுதான் அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன்.

ஆனால் குடியை விட்டாய். குழந்தையைப் பார்க்கப் போன இடத்தில் உன் குரலைக் கேட்டதும் மகள் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாளாம். அன்று திரும்பி வந்தவன் அதன் பிறகு ஒரு சொட்டுத் தொடவில்லை. ஊருக்கு வந்து அரிசி ஆலையில் வாட்ச்மேன் வேலைக்குச் சேர்ந்தாய். சாயங்காலம் நீ வீட்டுக்குள் நுழையும்போது அம்மா வாசற்படியை மறித்து நிற்பாள்.

"எங்க, ஊது."

நீ குனிவாய். அவள் உன் நெஞ்சு உயரம்கூட இல்லை. நாட்டிலேயே பெரிய ஆட்களைச் சாய்த்தவன், இடுப்பை மடக்கிக் குனிந்து, அம்மாவின் மூக்குக்கு நேராக ஊதிக் காட்டுவாய்.

"வாட தெரியாம எதையாச்சும் மென்னுட்டு வந்திருப்ப."

"சீரகங்கூட வாயில போடலம்மா."

உண்மைதான். வாயில் வாசனை இருந்தால் அதற்கும் ஒரு சந்தேகம் வருமே என்று ஏலக்காய் போட்ட டீயைக்கூட நிறுத்தியிருந்தாய். அது எனக்குத் தெரியும், அம்மாவிடம் சொல்லவும் செய்தேன். கற்பூரம் அடித்ததைப் பார்த்தவளிடம் என் சொல் எடுபடவில்லை.

அப்புறம்தான் நாக்கு குழற ஆரம்பித்தது. நடை ஒரு பக்கமாக இழுத்தது. கை நடுங்கி டம்ளர் தளும்பியது. புதுச்சேரிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு உன்னைக் கூட்டிப்போனேன். படங்களை எல்லாம் பார்த்துவிட்டு டாக்டர், மண்டையில் வாங்கிய பழைய அடிகள் மூளையைக் கெடுத்திருக்கின்றன, இது இனி கூடத்தான் செய்யும் என்றார். "பாக்கறவங்களுக்குக் குடிச்ச மாதிரிதான் தெரியும்மா" என்றார். நீ தலையை ஆட்டினாய். வெளியே வந்ததும், "விட்டப்புறம்தான் பாப்பா குடிகாரன் ஆயிருக்கேன்" என்று சொல்லிச் சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நம் ஊரைப் பற்றி உனக்குத் தெரியாததா? இங்கே சரக்கு மலிவென்று பக்கத்து மாவட்டங்களிலிருந்து எல்லை தாண்டி வந்து குடித்துவிட்டுப் போகிறார்கள். தள்ளாடுகிறவனைத் தொடாமல், ஏறெடுத்துப் பார்க்காமல், வளைந்து கடந்து போவதில் நம் ஜனங்களுக்கு நல்ல பழக்கம். வேறு ஊராக இருந்தால், இந்த மனுஷனுக்கு உடம்புக்கு என்னவோ என்று ஒருவராவது கேட்டிருப்பார்கள். இங்கே கேட்க என்ன இருக்கிறது? கண்டக்டர் உன்னைப் படியிலிருந்தே இறக்கிவிட்டார். உன் ஜீப்புக்கு முன்னால் பட்டாசு வெடித்தவர்கள் எதிர்ப் பக்கமாக நடந்தார்கள். நீ மட்டும் எல்லோரிடமும் ஒரே வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருந்தாய். "நான் குடிக்கலைங்க." குடித்தவர்கள் எல்லோரும் சொல்கிற வார்த்தையும் அதுதான்.

போன வருஷத் திருவிழா நினைவிருக்கிறதா? நான்தான் பிடிவாதமாக உன்னைக் கூட்டிவந்தேன். ஒரு பழம் வந்தது. மெதுவாகத்தான் வந்தது. உன் கை எழுந்தது, ஆனால் பழம் போன பிறகு எழுந்தது. கன்னத்தில் அடித்துச் சிதறி, சாறு தாடியில் வழிந்தது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். "காலையிலயே ஏத்திட்டாருடா சாம்பியன்" என்று ஒருவன் சொன்னான். அவனை நான் கேட்ட கேள்வியை இங்கே எழுத முடியாது. நீ என் கையைப் பிடித்து இழுத்தாய். "விடு பாப்பா. நான் கண்ண மூடல. பழம் வந்ததே தெரியல."

அன்று சாயங்காலமும் அம்மா ஊதச் சொன்னாள். ஊதிவிட்டு நீ அப்படியே அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தாய். "நம்புறேன்னு ஒரு வார்த்த சொல்லும்மா. ஊரு சொல்ல வேணாம், நீ சொல்லு" என்றாய். நாக்கு சுற்றிச் சுற்றித்தான் அந்த வார்த்தைகள் வெளியே வந்தன. அந்தக் குழறலைக் கேட்டதும் அம்மா உள்ளே எழுந்துபோய்விட்டாள். அவளை என்னால் திட்டவும் முடியவில்லை. ரெண்டு தடவை நம்பிக் கெட்டவள்.

மழைக்காலம் முடிந்து வெயில் ஏறிய ஒரு நாள். மாத்திரை வாங்க டவுனுக்குப் போனவன் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், பிராந்திக் கடைக்கு எதிரே, வலிப்பு வந்து விழுந்தாய். விழுந்ததில் பின்மண்டை சாக்கடைக் கல்லில் பட்டது. விழுந்த இடம்தான் உன்னைக் கொன்றது, அண்ணே. மருந்துக் கடை வாசலில் விழுந்திருந்தால் தண்ணீராவது தெளித்திருப்பார்கள். காலையில் விழுந்தவனை மத்தியானம் நெரவி ஆட்டோக்காரர் ஒருவர் அடையாளம் கண்டு தூக்கினார். அதுவரை ஜனங்கள் உன்னைச் சுற்றி வளைந்து போய்க்கொண்டிருந்தார்கள். ஒருவர் மட்டும் உன் வேட்டியைச் சரிசெய்துவிட்டுப் போனாராம். அவருக்கு அதுதான் அவசரமாகத் தெரிந்திருக்கிறது. சாயங்காலம் ஆஸ்பத்திரியில் உன் மூச்சு நின்றது.

வீட்டுக்கு உன்னைக் கொண்டுவந்து கிடத்தினோம். வாசல் நிறைய ஜனம். அம்மா அழவில்லை. உன் பக்கத்தில் மண்டியிட்டு, குனிந்து, உன் வாயருகே மூக்கை வைத்தாள். ரொம்ப நேரம் அப்படியே இருந்தாள். யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. பிறகு நிமிர்ந்து வாசலைப் பார்த்தாள்.

"வாட இல்ல. கேட்டுக்கங்க. எம்புள்ள வாயில வாட இல்ல."

அதற்குப் பிறகுதான் அழுதாள். நீ காத்திருந்த வார்த்தையை ஊருக்கே சொன்னாள், உன் காதில்தான் விழவில்லை.

பஸ் ஸ்டாண்டு முனையில் உன் சிவப்பு அங்கிப் படத்தோடு பெரிய பேனர் கட்டினார்கள். வளைந்து போனவர்கள் எல்லோருமே அதை நிமிர்ந்து பார்த்தார்கள். காரியத்தன்று உன் பழைய கூட்டாளிகள் வந்து, படையலில் இலைக்குப் பக்கத்தில் ஒரு குவார்ட்டர் பாட்டிலை வைத்தார்கள். செத்தவருக்குப் பிடித்ததை வைக்க வேண்டுமாம். பாசத்தில்தான் செய்தார்கள், கண் கலங்கித்தான் வைத்தார்கள். நான் அதை எடுத்துப்போய்க் கொல்லையில் கவிழ்த்துவிட்டு வந்தேன். அந்த இடத்தில் ஏலக்காய் தட்டிப் போட்ட டீயை வைத்தேன். இனி யாருக்கும் நீ ஊதிக் காட்ட வேண்டியதில்லை.

வாடை இல்லை என்று அம்மா சொன்னபோது எனக்கும் நெஞ்சு நிமிர்ந்தது. இந்தச் சில மாதங்களில் அந்த நிமிர்வு போய்விட்டது. ராத்தூக்கம் கெட்டு ஒன்றையே கேட்டுக்கொள்கிறேன். வாடை வந்திருந்தால்? அன்று நிஜமாகவே குடித்துவிட்டு விழுந்திருந்தால், உன்னை வெயிலில் போட்டது சரியாகிவிடுமா? அப்போதும் நீ என் அண்ணன்தானே?

இன்று அந்தப் பழத்தோடு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து வந்தேன். பிராந்திக் கடைக்குக் கொஞ்சம் தள்ளி ஒருவர் மல்லாந்து கிடந்தார். திருவிழாக் கூட்டம் அவரைச் சுற்றி வளைந்து போய்க்கொண்டிருந்தது. எனக்கும் கால் வளையத்தான் பார்த்தது. கண்ணை மூடக் கூடாது என்று நீ சொன்னது இதற்கும் சேர்த்துத்தானோ என்னவோ, நின்றுவிட்டேன். குனிந்தேன். குப்பென்று அடித்தது வாடை.

"குடிச்சிருக்கான்மா, நீங்க போங்க" என்றார் பெட்டிக் கடைக்காரர்.

"தெரியுதுங்க. கொஞ்சம் தண்ணி குடுங்க" என்றேன்.

குத்துச்சண்டையில் மயங்கி விழுந்தவனின் தொண்டை அடைக்காமல் எப்படித் திருப்பிப் போட வேண்டும் என்று நீ என்னைத் தரையில் படுக்கவைத்துக் காட்டினாயே, அதேபோல அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்தேன். குடையை விரித்து முகத்துக்கு நிழல் பிடித்தேன். அவர் பையில் இருந்த போனிலிருந்து கடைக்காரர் அவர் வீட்டுக்குத் தகவல் சொன்னார். திருவேட்டக்குடியிலிருந்து ஆள் வர வேண்டும். பழம் என் மடியில் நசுங்கிக்கொண்டிருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அவர் கண்ணைத் திறந்தார். என்னைப் பார்த்ததும் பயந்துபோய்க் கையெடுத்துக் கும்பிட்டார்.

"நான் குடிக்கலம்மா" என்றார், நாக்கு குழறி.

"நம்புறேண்ணே" என்றேன்.

அந்த அண்ணே அவருக்கு இல்லை.