நான் அனுப்பிய சைபர்கள்

பட்டாணிச்சூர்,
வவுனியா.
12.11.2006

அன்பு மகள் றிஸ்பாவுக்கு வாப்பா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உம்மாவும் சுகம், இந்த வீட்டில் சுகமில்லாதது என் இடது கால் பெருவிரல் ஒன்றுதான், வருகிறவர்கள் எல்லோரும் என்னை விட்டுவிட்டு அதைத்தான் முதலில் விசாரிக்கிறார்கள். நீயும் மருமகன் அர்ஷாத்தும் கட்டாரில் நலமாக இருக்க துஆ செய்கிறோம்.

சீனி வருத்தக்காரனுக்குச் சிகரெட்டும் வேண்டும் விரலும் வேண்டும் என்றால் நடக்காது, ஒன்றைச் சொல்லுங்கோ என்று கிளினிக்கில் டொக்டர் கேட்டபோது, யோசித்துச் சொல்கிறேன் என்றேன். உம்மா என்னை ஒரு பார்வை பார்த்தா. நோன்பு முப்பதும் பகல் முழுக்கச் சிகரெட் பத்தாமல் இருக்க ஏலுமெண்டா மற்ற நாளில ஏன் ஏலாது என்று வழி நெடுக ஏசி, வீட்டுக்கு வந்த கையோடு உனக்குப் போன் எடுத்து எல்லாவற்றையும் ஒப்புவித்துவிட்டா. அன்றைக்குத் தொடங்கியது உன் மெசேஜ். உன் ஆஸ்பத்திரி வேலைக்கு நடுவிலும் நாளுக்கு மூன்று, நான் பத்தவைக்கிற நேரம் பார்த்துச் சரியாக வந்து விழும். நீ தமிழை இங்கிலீஸ் எழுத்தில் அடிக்கிறாய், எனக்கு அது பிடிபடாது, உம்மாவுக்கும் பிடிபடாது. பார் மகள் என் புத்தியை, என்னை நானா, நானா என்று அண்ணன் முறை சொல்லிக்கொண்டே சிகரெட் விற்கிற தேத்தண்ணிக்கடைப் பரமலிங்கத்திடமே கொண்டுபோய் வாசிக்கக் கொடுத்தேன். அவனோ பழைய தபால்கந்தோர்க்காரன், தந்தி வாசிப்பது போலக் கடை முழுக்கக் கேட்க வாசிப்பான். ஆசை வந்தா நானா ஒரு கோப்பை தண்ணி குடிக்கட்டாம் என்று ஒருநாள் வாசித்தான், நாலு மேசையிலிருந்தும் எனக்குத் தண்ணீர் வந்தது. முதல் கிழமை சிரித்துக்கொண்டே விற்றான். எனக்கு வாப்பா முழுசா வேணும் என்று நீ அனுப்பியதை வாசித்த அன்று அவன் குரல் இறங்கிவிட்டது, இனி என்ர கடையில உங்களுக்குச் சிகரெட் இல்லை நானா என்று பெட்டியை உள்ளே தூக்கி வைத்துவிட்டான். உம்மா சந்தோசத்தில் அவனுக்கு வட்டிலப்பம் கொடுத்துவிட்டா, எனக்கு அந்த இனிப்பின் மணம் மட்டும்தான் கிடைத்தது.

பின்னேரத்தில் எத்தனை சிகரெட் குடித்தேன் என்று இலக்கத்தை மட்டும் அனுப்பச் சொன்னாய், நானும் தினம் சைபர் அனுப்பினேன். போன கிழமை மூன்று நாள் போனுக்கு லைன் இல்லை. வெள்ளிக்கிழமை லைன் வந்ததும், பள்ளிவாசலில் குத்பா நடக்கும்போது, உன் மெசேஜ் ஒன்பதும் என் சட்டைப்பைக்குள் ஒன்றன்பின் ஒன்றாகக் கத்தியது. மௌலவி பேச்சை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார், எனக்குப் போனை நிறுத்தவும் தெரியவில்லை. தொழுகை முடிந்து பரமலிங்கத்திடம் போனேன். வாப்பாட சைபரை வார்ட்டில காட்டினன், நெஞ்சு வருத்தக்காரக் கிழவர் ஒருத்தர் அதைப் பார்த்துத் தானும் விட்டுட்டார் என்று கடைசி மெசேஜில் இருந்ததை அவன் வாசிக்க, கடையே கைதட்டியது. நான் மட்டும் தலை நிமிரவில்லை.

மகள், அந்தச் சைபர்கள் எங்கள் தெருவுக்கு மட்டும்தான். ரவுனில் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் என்னைத் தெரியாத கடை ஒன்று இருக்கிறது, அங்கே நாளுக்கு இரண்டு, சில நாள் மூன்று. பரமலிங்கத்தைக் கொண்டு இதை உனக்கு அடித்து அனுப்ப எனக்கு வெட்கம், அதுதான் கடிதம் எழுதுகிறேன். உனக்குப் பொய் சொன்னதை நினைத்தால் நெஞ்சு வேகிறது. விரலை நினைத்தாலும் பயமாக இருக்கிறது, வியாழக்கிழமை டொக்டர் பார்த்துவிட்டு முடிவு சொல்வார். நேற்று நான் ரவுனுக்குப் போகவில்லை, நேற்று அனுப்பிய சைபர் உண்மை. இன்று முடியவில்லை, ஒன்று குடித்தேன், ஒன்று என்றே அனுப்புவேன். என்னை ஏசு, ஆனால் மெசேஜை நிறுத்திவிடாதே.

உங்கள் இருவருக்கும் அல்லாஹ் நீண்ட ஆயுளைத் தரட்டும். நேரத்துக்குச் சாப்பிடு. உம்மாவிடம் இதைப் பற்றி மூச்சு விடாதே, நானே சொல்வேன். அந்தக் கிழவரிடம் என் பொய்யைச் சொல்லிவிடாதே, அவராவது விட்டபடி இருக்கட்டும், அவருடைய பெயரை மட்டும் எழுதி அனுப்பு, துஆவில் சேர்க்க வேண்டும்.

உன் வாப்பா
ஜவாஹிர்