உடைய வேண்டிய நாற்காலி

மார்ச் 3

மேடைப் பொருட்களுக்கான மேசை தயார். வெள்ளைத் தாள் விரித்து, குடை, மூக்குக்கண்ணாடி, சாவிக்கொத்து, மருந்துப் புட்டி என்று ஒவ்வொன்றையும் சுற்றிக் கோடு போட்டேன். ஒரு கோட்டுக்குள் காலியாக இருந்தால் அந்தப் பொருள் மேடையில் இருக்கிறது. மேடையிலும் இல்லையென்றால் என் தலை உருளும். எந்தப் பொருளையும் அதை வைத்து நடிப்பவரைத் தவிர யாரும் தொடக்கூடாது. தொட்டால் கத்துவேன்.

இயக்குநர் தெளிவாகச் சொல்லிவிட்டார். முதல் நாள் நாடகத்தில் பொருள் எதுவும் சொதப்பாவிட்டால் அடுத்த நாடகமும் எனக்கே. சொதப்பினால் வேறு ஆள்.

மார்ச் 6

வர்ணம் அடிக்க, நாடகத்தில் வரும் நாற்காலியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். வாடகை கேட்டு மிரட்ட வரும் வீட்டுக்காரர் இதில் உட்கார, கால் கழன்று விழ வேண்டும். நாடகமே அங்கேதான் திரும்புகிறது. அதற்காக முன்காலை அறுத்து, ஒரு மர முளையால் லேசாகச் செருகியிருக்கிறேன்.

மாமனார் பார்த்துவிட்டு, இந்த வயதில் சொப்பு வைத்து விளையாடுகிறாயா என்றார். சிரித்து வைத்தேன். கொஞ்சம் வலித்தது.

மார்ச் 7

வர்ணம் காய்ந்துவிட்டது. நாளை மாமனாரும் நாடகம் பார்க்க வருகிறாராம். அதிசயம்தான், மழை கொட்டப் போகிறது.

மார்ச் 8

உடையவில்லை.

வீட்டுக்காரர் உட்கார்ந்தார், அசைந்தார், குதித்தே பார்த்தார். நாற்காலி குத்துக்கல் மாதிரி நின்றது. திரைக்குப் பின்னால் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. குடித்தனக்காரியாக நடிப்பவள் வசனத்தில் இல்லாததைச் சட்டென்று எடுத்துவிட்டாள்: "ஐயா, இந்த வீட்டுல உறுதியா இருக்கறது அது ஒண்ணுதான்." அரங்கமே சிரித்தது. இயக்குநர் மட்டும் சிரிக்கவில்லை. அடுத்த ஞாயிறு நாடகம் முடிந்ததும் முடிவு சொல்கிறாராம்.

முன்வரிசையில் எழுந்து நின்று கைதட்டியவர் என் மாமனார். நாற்காலியோடு வீடு திரும்பும் வழியெல்லாம் அவருக்குப் பெருமை. "கால் லொடலொடன்னு ஆடுச்சும்மா. நீ விழுந்து வைக்கப் போறியேன்னு பசை போட்டு, அடியில ஸ்க்ரூவும் முடுக்கிட்டேன். அந்த ஆளு என்ன குதி குதிச்சான், அசைஞ்சுதா பாரு."

அட மாமா! கோபப்படலாமென்றால் சிரிப்பு வருகிறது. நானும் முளை இருக்கிறதா என்று பார்த்தேனே தவிர, கழல்கிறதா என்று பார்த்தேனா? எப்படி அவரிடம் சொல்வேன்?

மார்ச் 9

சொல்லிவிட்டேன். "உடையறதுக்குன்னே செஞ்சதா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். பிறகு காபியைத் தொடாமலே எழுந்து போனார். பாவமாக இருந்தது.

சாயங்காலம் வந்து பார்த்தால் ரம்பமும் கையுமாக உட்கார்ந்திருக்கிறார். புதுக் கால் செய்து, முளையை உப்புத்தாளால் தேய்த்து, தானே உட்கார்ந்து உட்கார்ந்து விழுகிறார். சில தடவை விழாமல் போகிறது, மறுபடி தேய்க்கிறார். இடுப்பைத் தடவிக்கொண்டே சொன்னார்: "இது விளையாட்டு இல்லம்மா."

மார்ச் 15

வீட்டுக்காரர் விழுந்தார்! இயக்குநர் அந்த வசனத்தையும் நாடகத்தில் சேர்த்துவிட்டார். "உறுதியா இருக்கறது அது ஒண்ணுதான்" என்று அவள் சொல்லி வாய் மூடுவதற்குள் கால் கழன்றது. சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று.

அடுத்த நாடகமும் எனக்குத்தான். மாமா உதவிக்கு வருகிறேன் என்கிறார். மேசைத்தாளில் புதிதாக ஒரு கோடு போட்டேன், அவருடைய ஸ்க்ரூடிரைவரைச் சுற்றி. என்னைக் கேட்காமல் யாரும் அதைத் தொடக்கூடாது. மாமாவும்தான்.