கோவில்பதாகை இடுகாட்டைக் காலி மைதானம் என்று காட்டும் கல்லூரி வரைபடம்

அனுப்புநர்:
கோ. துலுக்கானம்,
கோவில்பதாகை, ஆவடி.

பெறுநர்:
கல்லூரிக் கல்வி இணை இயக்குநர் அவர்கள்,
சென்னை.

பொருள்: மாணவர் செய்த இணைய வரைபடத்தில் உள்ள தவறை உடனே திருத்தக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் சுமை தூக்கி ஓய்ந்தவன். பள்ளிக்குப் போனதில்லை. எழுதப் படிக்க நானாகக் கற்றேன். இந்த மனுவையும் நானேதான் எழுதுகிறேன்.

2. எங்கள் பகுதித் தனியார் கல்லூரி ஒன்றில் (பெயர் இணைப்பில்) இளங்கலை வரலாற்று மாணவர்களும் கணினி மாணவர்களும் சேர்ந்து ‘டிஜிட்டல் ஊர் வரலாறு’ என்ற பாடம் படிக்கிறார்கள். அதற்காகச் சென்ற ஆண்டு வரலாற்று மாணவி கிருஷ்ணப்பிரியா வந்து என் பேச்சைப் பதிவு செய்தார். எங்கள் இடுகாட்டில் நின்றுதான் பேசினேன். கூலி வேலை செய்த எங்கள் குடும்பங்கள் தலைமுறையாக அங்கேதான் புதைக்கின்றன. என் மனைவி கன்னியம்மாவும் அங்கேதான் இருக்கிறாள்.

3. வரைபடம் போட்டவர்கள் கணினி மாணவர்கள். அவர்கள் ஊருக்கு வரவில்லை. செயற்கைக்கோள் படத்தைப் பார்த்துப் போட்டார்கள். நாங்கள் கல்லறை கட்டுவதில்லை. மண்மேடுதான், அதுவும் மழையில் அமுங்கிவிடும். மேலிருந்து பார்த்தால் வெறும் தரை. ‘காலி மைதானம்’ என்று எழுதிவிட்டார்கள். அதே பக்கத்தில் ஓர் இடத்தைத் தொட்டால் ‘இங்கதான் பொதைக்கிறோம்’ என்று என் குரல் கேட்கிறது. இரண்டையும் சேர்த்து யாரும் பார்க்கவில்லை.

4. பக்கத்தில் புதிதாக வந்த குடியிருப்பு நகர்க்காரர்கள் அந்தப் படத்தை அச்செடுத்து, நடைப்பயிற்சிப் பூங்கா வேண்டும் என்று மாநகராட்சியிடம் கேட்கிறார்கள். போன வாரம் தரையைச் சமப்படுத்த ஜேசிபி வந்துவிட்டது. மறித்தோம். ஓட்டுநர் கைப்பேசியை நீட்டி, “இன்னா பெருசு, காலேஜ் பசங்களே காலி எடம்னு போட்டுகீறாங்க, நீ இன்னாத்துக்குக் கத்திகினு கீற?” என்றார். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை.

5. மறுநாளே கல்லூரிக்குப் போனேன். பாடப் பொறுப்பாளர் உலகநாதன் அவர்கள் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். ஆனால், மதிப்பெண் போட்டு முடிந்த வேலை, இப்போது திறந்தால் மாணவர் மதிப்பெண்ணைத் தொட வேண்டிவரும் என்றார். பிள்ளைகளுக்கு ஒரு மதிப்பெண்கூடக் குறையக் கூடாது என்றுதான் நானும் சொல்கிறேன். மதிப்பெண் இருக்கட்டும், எழுத்து மாறட்டும்.

6. நிலம் குறித்து உரிய இடத்தில் தனி மனு கொடுத்துள்ளேன். இது அந்தப் படத்தைப் பற்றியது மட்டுமே. ‘காலி மைதானம்’ என்பதை நீக்கி ‘இடுகாடு’ என்று எழுதவும், அதுவரை அந்தப் பக்கத்தை மூடி வைக்கவும், இனி படம் போடும் மாணவர்கள் ஒரு முறையாவது நேரில் வந்து பார்க்கவும் கல்லூரிக்கு உத்தரவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். வருத்தக் கடிதம் எனக்கு வேண்டாம்.

வரும் திங்கட்கிழமை ஜேசிபி மறுபடியும் வரும் என்கிறார்கள். தங்கள் உத்தரவு அதற்கு முன் வர வேண்டும். வராவிட்டால், அன்று காலை என் மனைவியைப் புதைத்த இடத்தில் உட்கார்ந்திருப்பேன். யார் சொன்னாலும் எழுந்திருக்க மாட்டேன் என்பதையும் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

இடம்: கோவில்பதாகை
நாள்: 11.09.2025

மரியாதையுடன்,
கோ. துலுக்கானம்