புதன்கிழமை பாஸ்தா

பிப்ரவரி 3

அன்புள்ள மாமாவுக்கு,

போனில் நான் "பாஸ்தா" என்றேன், நீங்கள் "எந்த பஸ்ஸு?" என்று கேட்டீர்கள். இத்தனை வருடம் ரயில் எஞ்சின் ஓட்டிய காதோடு போனில் மல்லுக்கட்ட முடியாது என்றுதான் இந்தக் கடிதம்.

நான் திரும்பும்வரை உங்கள் பேத்தி வாலுவைப் பார்த்துக்கொள்ள உங்கள் வீட்டைப் பூட்டிவிட்டு வந்தீர்களே, அந்தத் தைரியத்தில் துறைமுகத்தில் பயிற்சி நன்றாகப் போகிறது. கிரேனின் கண்ணாடி அறைக்கு இப்போது எங்கும் நிற்காமல் ஏறிவிடுகிறேன். மனசுதான் கீழே இறங்கி வீட்டுக்கு ஓடுகிறது. நேற்று போனில் வாலு சொன்னாள்: "அப்பா கம்ப்யூட்டர் முன்னாடி சாப்பிடறாரு, தாத்தா கிச்சன்ல நின்னுட்டே சாப்பிடறாரு, நான் டிவி முன்னாடி. உப்பு வேணும்னா அப்பா என்னைத்தான் தாத்தாகிட்ட அனுப்பறாரு."

ஒரே வீட்டில் இருந்துகொண்டு அப்பாவுக்கும் பிள்ளைக்கும் நடுவில் ஒரு தபால்காரியா மாமா? கல்யாணமான நாளிலிருந்து அந்த உத்தியோகத்தை நான் பார்த்தேன். இப்போது அந்தக் குழந்தை பார்க்கிறது. பேசாமல் பயிற்சியைப் பாதியில் விட்டுவிட்டு வந்துவிடலாமா என்றுகூட இருக்கிறது.

அதற்குமுன் இந்தப் பாஸ்தாவைச் செய்து பாருங்கள். ரொம்பச் சுலபம். வெங்காயம், பூண்டு, தக்காளியை வதக்கிக் கூழாக்குங்கள். வெண்ணெயில் ஒரு கரண்டி மைதாவை வறுத்து, பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கட்டியில்லாமல் கிளறினால் வெள்ளைச் சாஸ். இரண்டையும் பாஸ்தாவோடு கலந்து, கண்ணாடிப் பாத்திரத்தில் பரப்பி, மேலே சீஸைத் துருவிப் போடுங்கள். அவனை 180-க்குச் சூடாக்கி உள்ளே வையுங்கள். மேலே பொன்னிறமானதும் எடுத்துவிடலாம்.

தங்கள் அன்பு மருமகள்

*

பிப்ரவரி 9

அன்பு மருமகளுக்கு,

நாங்கள் நலம். உன் கடிதத்தில் "அவனை 180-க்குச் சூடாக்கி" என்ற இடத்தில் நின்றுவிட்டேன். என் பிள்ளையைச் சூடாக்க நான் தனியாக மெனக்கெட வேண்டுமா அம்மா? ஆபீஸிலிருந்தே கொதித்துக்கொண்டுதான் வருகிறான். பிறகு வாலுதான் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, "தாத்தா, அது ஓவன்!" என்றாள்.

செய்தேன். ஆனால் பாஸ்தாவை முதலில் வேகவைக்க வேண்டும் என்று நீ எழுதவில்லை, நானும் வைக்கவில்லை. மேலே பார்த்தால் தங்கத் தகடு, உள்ளே ஒவ்வொன்றும் பேனா மூடி மாதிரி. வாலு ஒன்றைக் கடித்துவிட்டு, "தாத்தா, விசில் ஊதலாம் போல" என்றாள். உன் கணவன் தட்டைத் தூக்கிக்கொண்டு கம்ப்யூட்டருக்குப் போய்விட்டான். ஆனால் தட்டு காலியாகத்தான் திரும்பி வந்தது. தின்றானா, ஜன்னல் வழியே எறிந்தானா என்று எனக்குத் தெரியாது.

பயிற்சியை விடுகிற பேச்சை மட்டும் எடுக்காதே. உனக்கு அவ்வளவு உயரத்தில் இடம் கொடுத்திருக்கிறார்கள். நாங்கள் மூன்று மூலையில் சாப்பிடுகிறோம் என்பதற்காகவா இறங்கி வருவாய்?

ஆசிகளுடன்,
மாமா

*

பிப்ரவரி 15

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தைச் சாப்பாட்டு நேரத்தில் பிரித்தேன். நான் சிரித்த சிரிப்பில் பயிற்சி கொடுப்பவர் பயந்துபோய், "என்னாச்சும்மா, வீட்ல ஏதாவது விசேஷமா?" என்று கேட்டார். தப்பு என்னுடையதுதான். உப்புப் போட்ட தண்ணீரில் முக்கால் பதம் வேகட்டும். மீதி ஓவனில் வெந்துவிடும்.

இன்னொன்று. அதைத் தனித்தனியாக எடுத்து வைத்தால் சீஸ் இறுகி ரப்பராகிவிடும். பாத்திரத்தோடு மேஜை நடுவில் வைத்துவிட்டு, எல்லோரையும் கூப்பிடுங்கள். வாலுவை அனுப்பாதீர்கள். நீங்களே கூப்பிடுங்கள்.

தங்கள் மருமகள்

*

பிப்ரவரி 24

அன்பு மருமகளுக்கு,

முதலில் ஒன்று: எல்லோரும் சுகம். ஆகவே பதறாமல் படி.

புதன்கிழமை சாயங்காலம் எல்லாம் நீ எழுதியபடியே செய்தேன். மேல் பக்கம் அருமையாகச் சிவந்திருந்தது. வெளியே எடுத்து, அவசரத்தில் ஈரமாக இருந்த மேடைமேல் வைத்துவிட்டேன். டமார்! எனக்கே கேட்டது என்றால் பார்த்துக்கொள். பாத்திரம் இரண்டாகப் பிளந்து, சாஸெல்லாம் என் வெள்ளைச் சட்டைமேல்.

உன் கணவன் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடி வந்தான். "அப்பா! அப்பா, ரத்தம்!" என்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். நான், "தக்காளிடா" என்றேன். அவன் நம்பவில்லை. சட்டையைத் தூக்கிப் பார்த்தான். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். சிரிக்கிறானா அழுகிறானா என்று தெரியாமல் நான் நின்றேன்.

"சின்ன வயசுல நீங்க வர லேட்டானா, வண்டிக்கு ஏதோ ஆயிருச்சுன்னு ஜன்னல்கிட்டயே நிப்பேன். நீங்க வந்ததும் ஓடிப் போய்ப் படுத்துக்குவேன்" என்றான்.

"எனக்குத் தெரியாதேடா. பையன் தூங்கிட்டானேன்னு ஓசைப்படாம ஷூவைக் கழட்டிட்டு வருவேன்."

"தூங்கல. அந்த ஷூ சத்தத்துக்குத்தான் காத்துட்டிருப்பேன்."

நான் அவன் தலையில் கை வைத்தேன். கையில் சாஸ் இருந்ததை மறந்துவிட்டேன். அவன் தலையைப் பார்த்து வாலு போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரரே வந்துவிட்டார்.

கண்ணாடித் தூள் பட்ட பாஸ்தா குப்பைக்குப் போயிற்று. கடையில் ரொட்டி வாங்கிவந்து மூவரும் மேஜையில் சாப்பிட்டோம்.

ஆசிகளுடன்,
மாமா

பி.கு.: உன் பாத்திரத்தை உடைத்ததற்குத் திட்டி ஒரு கடிதம் போடு, வாங்கிக்கொள்கிறேன்.

*

மார்ச் 2

அன்புள்ள மாமாவுக்கு,

திட்ட வாய் வரவில்லை. அந்தக் கடிதத்தை எத்தனை முறை படித்தேன் என்று கேட்காதீர்கள். ஜன்னலில் நின்ற கதையை அவர் என்னிடம்கூடச் சொன்னதில்லை.

பயிற்சியை முடித்துவிட்டே வருகிறேன். இனிமேல் தகரப் பாத்திரத்தில் செய்யுங்கள்.

தங்கள் மருமகள்

*

ஏப்ரல் 18

அன்பு மருமகளுக்கு,

தேர்வில் நீ ஜெயித்த செய்தியை உன் கணவன் என் காதருகே வந்து கத்தினான். தெருவுக்கே தெரிந்துவிட்டது. எங்களுக்கு எவ்வளவு பெருமை தெரியுமா?

புதன்கிழமை பாஸ்தா இப்போது தவறுவதில்லை. நான் வெங்காயம் நறுக்குகிறேன், அவன் வெள்ளைச் சாஸ் கிளறுகிறான், வாலு சீஸைத் துருவுகிறேன் என்று பாதியைத் தின்றுவிடுகிறாள். பேச்சு ஓடுகிறது. பாதி நேரம் சண்டைதான். பாலை ஒரேயடியாக ஊற்றுகிறான் அம்மா, சொன்னால் கேட்பதில்லை.

நீ வந்துவிட்டால் என் வேலை முடிந்தது என்று நேற்று பெட்டியில் துணியை அடுக்கிக்கொண்டிருந்தேன். அவன் வாசற்படியில் நின்று பார்த்தான்.

"எங்க கிளம்பறீங்க?"

"என் வீட்டுக்குத்தான்."

"அங்க யாரு இருக்கா?"

"யாரு இருப்பா, நான்தான்."

"அப்ப புதன்கிழமை இங்க யாரு வெங்காயம் நறுக்குவா?" என்று கேட்டுவிட்டு விறுவிறுவென்று போய்விட்டான்.

பெட்டி திறந்தபடியே கிடக்கிறது. அவன் சொன்னது போதாது. இது உன் வீடு. உனக்குச் சங்கடம் என்றால் வெளிப்படையாக எழுது. கொஞ்சமும் வருத்தப்பட மாட்டேன்.

மாமா

*

ஏப்ரல் 22

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடைசி வரி சுத்தப் பொய். வருத்தப்பட்டிருப்பீர்கள்.

பெட்டியைக் காலி செய்து பரண்மேல் போடுங்கள். சட்டைகளுக்கு நடு அறை அலமாரியை எடுத்துக்கொள்ளுங்கள். என் பழைய புடவைகளை அள்ளிக் கட்டில்மேல் வைத்துவிடுங்கள், வந்து பார்த்துக்கொள்கிறேன். அந்த அலமாரியின் இடது கதவு முரண்டு பிடிக்கும். கீல் மாற்ற வேண்டும் என்று உங்கள் பிள்ளையிடம் நான் சொல்லப் போவதில்லை. நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள்.

தங்கள் அன்பு மருமகள்