எந்த ஸ்பீடுல வந்த?

பிப்ரவரி 10, திங்கள்

ஊரிகம் ஸ்டேஷன் தாண்டி இருக்கிற ஸ்பீட் பிரேக்கரில் வண்டி உட்கார்ந்துவிட்டது. வேகமெல்லாம் இல்லை, இரண்டாவது கியரில்தான் ஏறினேன். டங்கென்று ஒரு சத்தம். ஸ்டியரிங் கையை விட்டு இழுத்தது. இறங்கிப் பார்த்தால் இடது முன்சக்கரம் கால் சுளுக்கியவன் மாதிரி உள்பக்கம் மடங்கி நிற்கிறது. ஆட்டோக்காரர்கள்தான் ஓரமாகத் தள்ளிவிட்டார்கள்.

தினமும் ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய் வருகிற ஆஸ்டினுக்குப் போன் செய்தேன். கட்டின புருஷன் கேட்ட முதல் கேள்வி: "எந்த ஸ்பீடுல வந்த?"

உனக்கு ஏதாவது ஆச்சா என்று கேட்க நேரமில்லை அவருக்கு. நான் ஓட்டினால் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு இல்லாத பிரேக்கை மிதிக்கிற மனுஷன். வேறு என்ன கேட்பார்?

பிப்ரவரி 11, செவ்வாய்

ராபர்ட்சன்பேட்டை மெக்கானிக் மஞ்சுநாத் ஜாக்கி போட்டுத் தூக்கிப் பார்த்தார். சக்கரத்தைத் தாங்கிப் பிடிக்கிற லோயர் ஆர்ம் உடைந்துவிட்டதாம். எவ்வளவு ஆகும் என்று கேட்டேன்.

"சார் நம்பர் குடுங்க மேடம். சார்கிட்ட பேசறேன்."

ஓட்டி வந்தது நான். எதிரே நிற்பது நான். சக்கரத்தைப் பற்றி மட்டும் சாரிடம்தான் பேசவேண்டுமாம்! நம்பரைக் கொடுத்துவிட்டு பஸ் பிடித்தேன். கோலார் ஆஸ்பத்திரி லேபில் ஏழு மணிக்கு ரத்தம் எடுக்க ஆரம்பிக்க வேண்டும். பங்காருபேட்டையில் பஸ் மாறிப் போனால் ஏழு எங்கே? போய்ச் சேரும்போது எட்டு தாண்டிவிட்டது. ஜனவரியில்தான் சேர்ந்தேன். மார்ச் வரை பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் செய்வார்கள்.

பிப்ரவரி 12, புதன்

மெக்கானிக் பேசிவிட்டார், ஆஸ்டினிடம். ஒன்பதாயிரம். ஆர்ம் உடைந்தபோது டிரைவ் ஷாஃப்ட்டையும் இழுத்துக்கொண்டு வந்துவிட்டதாம், டயரும் கிழிந்ததாம். பார்ட் பெங்களூரிலிருந்து வர வேண்டும்.

"ஒடச்சது நீ. நீயே கட்டு" என்றார் ஆஸ்டின்.

பல்லுக்கு கேப் போட எடுத்து வைத்த பணம். கிறிஸ்துமஸிலிருந்து வலது பக்கம் ஒன்றும் மெல்ல முடியவில்லை. அதோடு விட்டாரா?

"ரெடியான ஒடனே சாவிய என்கிட்ட குடுத்துடு. உனக்கு இந்த ரோடு சரிப்படாது. வேலை போனா போவுது, வினோ. இங்கயே எதுனா பாத்துக்கலாம்."

போனால் போகட்டுமாம். நாற்பத்தோரு வயதில் எத்தனை பேர் கூப்பிட்டு வேலை கொடுக்கிறார்கள்?

பிப்ரவரி 14, வெள்ளி

இன்றும் லேட். வெறும் வயிற்றோடு காத்திருந்த ஒரு பெரியவர், தாங்காமல் காபி குடிக்கப் போய்விட்டார். சூப்பர்வைசர் ஷோபா மேடம் கடிகாரத்தை மட்டும் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலாம்.

பிப்ரவரி 16, ஞாயிறு

சர்ச் முழுக்கச் செய்தி பரவியிருக்கிறது. யார் பரப்பியது என்று கேட்க வேண்டுமா என்ன? ஆராதனை முடிந்து படியில் நின்றபோது கொயர் லீடர் ஷெர்வின், "சிஸ்டருக்கு ஸ்கூட்டியே போதும்ண்ணா" என்றான். கொயர் ஆண்கள் மொத்தமும் சிரித்தது. ஆஸ்டினும் சிரித்தார்.

கேட் வரைக்கும் கூட வந்தது லவினாதான். அவளும் கொயரில் பாடுகிறவள். பாவம், ஆறுதல் சொல்லத்தான் வந்தாள்.

"மறுபடியுமாக்கா? கேரல் ரவுண்ட்ஸ்ல ஒடஞ்ச அதே பக்கமா?"

"எந்த கேரல் ரவுண்ட்ஸ்?"

வாயைப் பொத்திக்கொண்டாள். நான் விடவில்லை. டிசம்பரில் வீடு வீடாகப் பாடப் போன அன்றைக்கு ஆஸ்டின் ஓட்டிய எங்கள் வண்டியில் ஒன்பது பேர். மேலே டிரம், மடியில் ஸ்பீக்கர். ஒரு பள்ளத்தில் இறங்கி, இதே ஆர்ம் உடைந்ததாம்.

"பங்காருபேட்டைல வெல்டிங் வெச்சு எடுத்தாந்தாங்கக்கா. யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு அண்ணன்தான் சொன்னாரு."

கிறிஸ்துமஸுக்கு முன்னால் இரண்டு நாள் வண்டி இல்லை. சர்வீஸுக்கு விட்டிருப்பதாகச் சொன்னார், நானும் நம்பி கேக் வாங்க ஆட்டோவில் போனேன். படியில் நின்று சிரித்தவர்களில் பாதிப் பேர் அன்று அந்த வண்டியில் இருந்தவர்கள்தானே? எப்படிச் சிரிக்க முடிந்தது?

பிப்ரவரி 18, செவ்வாய்

மஞ்சுநாத்திடம் பழைய ஆர்மைக் கேட்டு வாங்கினேன். பழைய வெல்டிங் இருந்த இடத்திலேயே விட்டுப்போயிருக்கிறது. எனக்கே தெரிகிறது.

"இதுக்கு வெல்டிங் ஹாக்கவே கூடாது மேடம். புதன்கிழமையே சார்கிட்ட சொன்னேனே" என்றார், கன்னடம் கலந்த தமிழில்.

புதன்கிழமை. ஒடச்சது நீ என்று சொன்ன அதே புதன்கிழமை.

தெரிஞ்சுதான் சொன்னாரா? தெரிஞ்சே எம் பல்லு காசக் கேட்டாரா? ஒட்டு போட்ட வண்டில தெனமும் என்னை அனுப்பிட்டு, எந்த ஸ்பீடுல வந்தன்னு என்னையே கேக்கறாரு. இன்னா மனுஷன் இவரு! ஊரிகத்துல ஒடஞ்சுது, பொழச்சேன். கோலார் ரோட்டுல லாரி பக்கத்துல ஒடஞ்சிருந்தா?

இரும்பைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு வந்து, மேஜையில் அவர் தட்டு வைக்கிற இடத்தில் வைத்திருக்கிறேன். ரயில் வரட்டும்.

பிப்ரவரி 19, புதன்

நேற்று வந்து, "இது இன்னா?" என்றார்.

"உங்க டிபன்."

பிரித்தார். வெல்டிங் தழும்பை விரலால் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். பிறகு, "அப்பத்தான் நீ லைசென்ஸ் எடுத்திருந்த. சொன்னா பயந்துடுவியோன்னு…" என்று இழுத்தார். நான் பயப்படக் கூடாதென்று அந்த வண்டியிலேயே அனுப்பினாராம். இதற்கு அழுவதா சிரிப்பதா?

பணத்தைக் கொடுத்துவிடுவதாகச் சொன்னார்.

"பணம் குடுங்க. சாவி என்கிட்டதான் இருக்கும். யார் முன்னாடி சிரிச்சீங்களோ அவங்க முன்னாடி சொல்லவும் சொல்லணும்."

ஆர்மைத் தள்ளி வைத்துவிட்டு, தானே குழம்பை ஊற்றிச் சாப்பிட்டார்.

பிப்ரவரி 23, ஞாயிறு

சொல்லவில்லை.

மார்ச் 1, சனி

வண்டி வந்துவிட்டது. பல்லுக்கு அளவு எடுத்தாயிற்று. பணம் அவர் பர்ஸிலிருந்து. கோபம் மட்டும் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

மார்ச் 5, புதன்

ஏழுக்கு முன்பே லேபில் இருந்தேன். ஷோபா மேடம் இன்று கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

ஈஸ்டருக்கு முந்தின லெந்து காலத்து வீட்டு ஜெபக்கூட்டங்கள் ஆரம்பித்துவிட்டன. அதே படி, அதே கூட்டம். ஷெர்வின் வந்து, "அண்ணா, வெள்ளிக்கிழமை வண்டி வேணும்" என்றான்.

ஆஸ்டின் தொண்டையைக் கனைத்தார். "என்னைக் கேக்காத. அவளக் கேளு." பிறகு, எல்லோருக்கும் கேட்கும்படியே, "டிசம்பர்ல ஒடச்சது நாமதான், ஷெர்வின். அவ இல்ல" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. ஷெர்வின் என் பக்கம் திரும்பி, முதல் தடவையாக என்னைப் பார்த்துக் கேட்டான்.

"நாலு பேர். நான்தான் ஓட்டுவேன். டிரம்முக்கு ஆட்டோ பிடிச்சுக்கோங்க" என்றேன்.

திரும்பும்போது பழக்கத்தில் டிரைவர் பக்கம் போனவர், கதவைத் தொட்டுவிட்டு, சுற்றி வந்து இடது பக்கம் ஏறிக்கொண்டார். ஊரிகம் ஸ்பீட் பிரேக்கர் வந்தது. அவர் கால் தானாகத் தரையை மிதித்தது.

"பிரேக் என் பக்கம்தாங்க இருக்குது" என்றேன்.

காலை எடுத்துக்கொண்டார்.