மாலை ஆறு மணிக் கூட்டம்

4 ஜூலை 1966

'அனந்தமதி, பொறுப்பு டீன்' என்று என் அறை வாசலில் பலகை மாட்டி இன்றோடு மூன்று வருடம். வேலை முழுசு, பதவி அரை. எத்தனையோ பேர் செஞ்சிக் கோட்டையையே பிடித்துவிட்டுப் போனார்கள். எனக்கு இந்த ஒரு நாற்காலி பிடிபடவில்லை.

9 ஜூலை

பத்தொன்பதாம் தேதி, நானும் உட்காரும் கல்லூரி நிர்வாகக் குழு நிரந்தர டீனை முடிவு செய்கிறது. இளையபெருமாளைப் போடப் பார்க்கிறார்கள். பணியில் எனக்கு ஆறு வருடம் இளையவர். தகுதி? செயலாளர் தனகோட்டியே சொன்னார்: "ஆம்பளயா இருந்தா பசங்க கொஞ்சம் பயப்படுவாங்கம்மா."

என் வகுப்பில் பசங்கள் இருமுவதற்கே அனுமதி கேட்கிறார்கள்.

15 ஜூலை

எப்போதும் காலையில் கூடும் குழு இம்முறை மாலை ஆறு மணிக்காம். ஏனென்று பியூன் லூர்துநாதன்தான் சொன்னார்: "பொழுது சாஞ்சா நீங்க சாப்புட மாட்டீங்க இல்லம்மா. அதுக்குள்ள வூட்டுக்கு எழுந்து போய்டுவீங்க, அப்புறம் முடிச்சிக்கலாம்னு பேசிக்கினாங்க."

பதினெட்டு வருஷம் பாடம் நடத்தினவளைச் சோத்தை வச்சா தோற்கடிக்கணும்? அழுகையா வருது.

ஜைன வீட்டு வழக்கத்தை இவ்வளவு அக்கறையாகத் தெரிந்துவைத்திருக்கிறார்கள். முன்கூட்டியே சாப்பிட்டுவிட்டு வரலாம் என்பது மட்டும் தோன்றவில்லை, பாவம்.

20 ஜூலை, காலை

நேற்று ஐந்து மணிக்கே துறை அறையில் சாப்பிட்டேன். தங்கை விஜயா கொடுத்தனுப்பிய சாம்பார் சாதம், வாழைக்காய் வறுவல்.

ஆறரைக்குத் தனகோட்டி ஜன்னலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இருட்டப் போவுதே, கெளம்பலயாம்மா?"

"சாப்பிட்டாயிற்று ஐயா. விடியும்வரை உட்காரலாம்."

அந்த முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்!

நான் கேட்டது ஒன்றுதான். மூத்தவளை விட்டு இளையவரைப் போடுவதற்கான காரணத்தைக் குறிப்பேட்டில் எழுதிக் கையெழுத்திடுங்கள். வாயால் சொல்ல எல்லாருக்கும் வந்தது. பெண் என்பதால் என்று எழுத ஒருவருக்கும் பேனா ஓடவில்லை. வேறு காரணம் தேடினார்கள். எழுதினார்கள், அடித்தார்கள். பக்கத்து அறையில் அவர்களுக்கு வைத்திருந்த பிரியாணி வாசனை வந்துகொண்டே இருந்தது. ஏழானது, எட்டானது. எனக்கென்ன அவசரம்?

எட்டரைக்குத் தனகோட்டி பேனாவை எறிந்தார். "அம்மா பேரையே எழுதித் தொலைங்கய்யா. பசிக்குது!"

ஒருமனதாக முடிவாயிற்று.

2 ஆகஸ்டு

லூர்துநாதன் பலகையில் 'பொறுப்பு' மேல் பெயின்ட் அடித்தார். நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தது.

குழுவை இனிப் பழையபடி காலையில் கூட்டலாமா என்று தனகோட்டி கடிதம் அனுப்பியிருக்கிறார். டீன் என்று கையெழுத்திட்டு முதல் பதில் எழுதினேன்: மாலை ஆறு மணியே எனக்கு வசதி.